பாண்டியில் அம்பாசடர்: உப்புக் காற்று, இ20 பெட்ரோல், ஏற்காடு மலை

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் வடிவமைப்பு, 73 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், மூன்றே மெயின் பேரிங், வார்ப்பிரும்பு பிளாக். ஆயிலும் தண்ணீரும் சரியாக இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு தயாரிப்பு நின்றுபோன இந்த வண்டியை இன்றைக்கும் பாண்டியிலோ கடலூரிலோ வைத்திருப்பவருக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் என்ஜினுக்கு வெளியேதான்: தகரம், பிரேக், பெட்ரோல் லைன், ஒயரிங். அதிலும் பாதிக்கு மேல், வண்டியை எடுக்காமல் நிறுத்தியே வைப்பதால் வருபவை. மாதம் ஒருமுறையாவது 100 கி.மீ. ஓடும் வண்டிக்கு ஆகும் செலவைவிட, கவர் போட்டு மூடிவைத்த வண்டிக்கு ஆகும் செலவு அதிகம். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

முதலில் தகரம். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. அதைவிட முக்கியம், முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் பின்பக்கம் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம். முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் ஓரடிக்கு ஓரிடம் அழுத்திப் பாருங்கள். நல்ல தகரம் 'டங்' என்று கேட்கும். துரு உள்ளே தின்றிருந்தால் சத்தம் மந்தமாக வரும், நுனி லேசாக இறங்கும். அப்படி இறங்கினால் அந்த வண்டியில் நெடுந்தூரம் போவதைப் பிறகு யோசிக்கலாம்.

டிங்கரிங் கடையில் வழக்கமாகச் செய்வது, துருவின் மேலேயே ஒரு பேட்ச் வைத்து, பட்டி பூசி, கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துக் கொடுப்பது. உள்ளூர் மழைக்கு அது ஒரு வருடம் தாங்கும். அந்தக் கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஒரு விரிசல் விட்டால் போதும், உப்பு ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். துருப்பிடித்த பகுதியை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகரம் வைத்து முழு வெல்டு அடித்து, எபாக்சி பிரைமர் பூச வேண்டும். பெட்டிப் பகுதிக்குள்ளே கேவிட்டி வேக்ஸ் எனும் துருத் தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டு வருடம் இரண்டு முறை குத்திவிடுங்கள். அவை அடைத்துக்கொள்வதால்தான் கதவு கீழிருந்து மேலாக அரிக்கிறது. கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு என்றால் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். காலையில் அதைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். பருத்திக் கவர் போதும், அதுவும் நிழலில் நிறுத்தினால். ஈ.சி.ஆரில் ஓடிவிட்டு வந்த மறுநாள் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவது பாலிஷ் போடுவதைவிட முக்கியம். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் அதால் கழுவிப் பயனில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காயவைத்து ஸ்டார்ட் செய்தால் ஓடத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் சக்கரத்தின் மையத்துக்கு மேல் ஏறியிருந்தால் பின் ஆக்சிலுக்குள்ளும் போயிருக்கும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் இ.பி. 90 கியர் ஆயிலை மாற்றி, 200 கி.மீ. ஓட்டி மறுபடி மாற்ற வேண்டும். நான்கு டிரம்மையும் திறந்து வீல் பேரிங்குக்குப் புது கிரீஸ். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் கழற்றிக் காயவைக்காமல் விட்டால் புஷ் பிடித்துக்கொள்ளும்.

இப்போதைய பெரிய தலைவலி பெட்ரோல். பெட்ரோல் பங்குகளில் இன்று கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கலப்பில் ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது, மைலேஜும் அதற்கேற்ப விழும். அது பரவாயில்லை. பிரச்சினை வேறு மூன்று. ஒன்று, எத்தனால் ஆக்சிஜனைக் கூடவே கொண்டு வருவதால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவையில் என்ஜின் சூடாகும், ஏற்றத்தில் இழுக்காது. சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்க வேண்டும். எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் அடியில் உள்ள மிக்ஸ்சர் நட்டை ஒவ்வொரு பட்டையாக இறக்கிப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகு அந்த கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால், வேகம் சற்றே ஏறி உடனே இறங்கினால் சரி. ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் போனால் குறைவு. டேம்பர் ஆயில் நடு ராடின் வாய்க்கு மேல் அரை அங்குலம் நிற்க வேண்டும்.

இரண்டாவது, பழைய ரப்பர். பம்பின் டயாஃப்ரமும் ஹோஸும் எத்தனாலில் உப்பி, மெத்தென்று ஆகி, உள்ளே உரிந்து ஜெட்டை அடைக்கும். ஹோஸ் முழுவதையும் ஃப்ளூரோ ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். மேலே 'ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்கும். மூன்றாவது, தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாண்டிக் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிற வண்டியில் டேங்கைப் பாதியில் விடாதீர்கள், ஏனென்றால் காலியாக இருக்கும் இடத்தில்தான் வியர்க்கும். அதைவிட நல்லது, நிற்கவிடாமல் ஓட்டுவது.

கோடையில் ரோட்டில் வண்டி அணைந்து பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனால் எல்லோரும் 'வேப்பர் லாக்' என்பார்கள். காயில் சூடேறிக் கைவிட்டாலும் இதே மாதிரிதான் நடக்கும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். அணைந்த உடனே பாருங்கள், ஆறவிட்டால் தடயம் போய்விடும். காயில் ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, துணியால் சுற்றிப் பிடித்து, பெட்ரோல் சிந்தாத இடமாகப் பார்த்து பாடியிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று பாய்ந்தால் காயில் நல்லது, பம்பைக் கவனிக்க வேண்டும்: ஈரத்துணி சுற்றி ஆறவைக்கலாம். நிரந்தரமாகத் தீர, பெட்ரோல் லைனை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் கட்டை வையுங்கள். தீப்பொறி மஞ்சளாக, சோர்வாக வந்தால் கண்டென்சரையும் காயிலையும் மாற்றுங்கள். பாயிண்ட் கேப் 15 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் கேப் 25 தௌ, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இந்த மூன்றையும் பானட்டுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடலாம்.

டப்பெட் கேப்பும், அதாவது வால்வு இடைவெளியும், 15 தௌதான், அதாவது 0.38 மி.மீ., என்ஜின் சூடாக இருக்கும்போது. வரிசைக்கு ஒரு சுலபமான கணக்கு: எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-லிருந்து கழித்தால் வருகிற வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஹெட்டில், ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல், எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்ளே இறங்கும். ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் கேப் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் காரணம். ஹெட்டைக் கழற்றி கடினப்படுத்திய சீட் பொருத்தினால் அந்தக் கவலை தீரும்.

ஆயில் 20டபிள்யூ-50 மினரல், 3000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ., சூடான ஐட்லிங்கில் 15-க்குக் குறையாமல் காட்டினால் நிம்மதி. பின்பக்கம் கிளட்சை மூடும் மணி வடிவ உறைக்கு அடியில் ஆயில் சொட்டுவதைப் பார்த்து என்ஜினை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த என்ஜினில் பின் மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். ராத்திரிக்கு நாலைந்து சொட்டு இயல்பு. திடீரென்று கூடினால் முதலில் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

பாண்டியிலிருந்து பழைய வண்டிக்கு நல்ல சோதனை ஓட்டம் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக சேலம் போய் ஏற்காடு ஏறுவது. முதல் இருநூறு கி.மீ. சமதளம், கடைசியில் 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1500 மீட்டர் உயரம். சமதளத்தில் 65 முதல் 70 கி.மீ. வேகம்தான் இந்த என்ஜினுக்கு சுகமான இடம். 90-ல் ஓட்டினால் ஓடும், ஆனால் ஆயிலும் பெட்ரோலும் கரையும், காதும் வலிக்கும். முதல் மணி நேரம் முடிந்ததும் நிறுத்தி நான்கு சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அங்கே பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் ஷூ உரசல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி சூடாகாது என்று பல மெக்கானிக்குகள் செய்துவிடுவார்கள். அது நோயை மறைக்கும் வேலை. ரேடியேட்டர் அடைப்புதான் மூல காரணம். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றி, 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. நான்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பாதி மலையில் லைனிங் நாறும், பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பெடல் மெத்தென்று தரைக்குப் போனால் அது வேறு: பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 3 ஆயில் ஈரம் இழுக்கும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். கடலோரத்தில் இதை வருடம் ஒருமுறை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். வீல் சிலிண்டர் உள்ளே நகம் தட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் ரப்பர் கப் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

கூட்டமாகப் போகும்போது மெதுவான வண்டி முன்னால், கயிறும் ஆயிலும் வைத்திருக்கும் வண்டி கடைசியில். 50 கி.மீ.க்கு ஒருமுறை எல்லோரும் சேர வேண்டும். வேகமான வண்டியை முன்னால் விட்டால் பின்னால் வருபவர் எல்லோரும் துரத்துவார்கள். பழைய வண்டி கெடுவது அப்படித்தான். பெட்டியில் ஃபேன் பெல்ட், மேல் கீழ் ஹோஸ், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், பம்ப் கிட், வீல் சிலிண்டர் கப், ஒரு லிட்டர் ஆயில், அரை லிட்டர் பிரேக் ஆயில், ஐந்து லிட்டர் தண்ணீர். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

காகித வேலையில் இரண்டே விஷயம். பழைய ஆர்.சி. விவரம் அரசின் 'வாகன்' இணையதளத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால் ஃபாஸ்டேக், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் இழுபடும், அதனால் ஆர்.டி.ஓ.வில் பதிவேற்றச் சொல்லுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' வரிசை எண் வாங்கலாம், ஆனால் அதன் பிறகு தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். அடிக்கடி ஓட்ட விரும்புபவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. புதுப்பித்துச் சாதாரணப் பதிவிலேயே இருப்பது மேல். புகைச் சோதனைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இந்த வயது வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். உங்கள் அளவு 1-க்குக் கீழே தொங்கினால் கலவை மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சாமான்களுக்குச் சென்னை ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான் கதி. இரும்புச் சாமான், கியர், ஆக்சில் ஷாஃப்ட் என்றால் பழைய ஸ்டாக் தாராளமாக வாங்கலாம், புதியவற்றைவிடத் தரம் நன்றாகவே இருக்கும். கண்டென்சரை மட்டும் இரண்டாக வாங்கி, இரண்டையும் வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்து, நல்லதை ஸ்பேராக வையுங்கள். டயாஃப்ரம், கப், ஹோஸ் போன்ற ரப்பர்களைப் பழைய ஸ்டாக்கில் வாங்காதீர்கள். கவர் பிரிக்காமல் இருந்தாலும் உள்ளே கெட்டித்திருக்கும்.