தொங்கும் கதவு: பின்னை மாற்றுவதா, கீலை மாற்றுவதா, கதவையே மாற்றுவதா?

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கதவைச் சாத்தும்போது கைப்பிடியோடு சேர்த்து லேசாகத் தூக்கிவிடுவார்கள். பழகிய பிறகு தாங்கள் தூக்குகிறோம் என்பதே நினைவில் இருக்காது. நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேறொருவர் என் வண்டியில் ஏறி, கதவைச் சாதாரணமாகச் சாத்தினார். அது மூடவில்லை, 'டங்' என்று இடித்துத் திரும்பியது. அன்றுதான் உறைத்தது.

சரி, என்ன செய்யலாம்? கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு வழி சொல்வார்கள். அவற்றை எடைபோடுவதற்கு முன் ஒரு சோதனை. கதவை ஒரு சாண் திறந்து, பூட்டுப் பக்க விளிம்பை அடியில் பிடித்து மேலே தூக்குங்கள். கண் மட்டும் கீல்மேல் இருக்கட்டும். கீலின் நடுவே ஓடும் அச்சுக் கம்பியான பின், தன் துளைக்குள் ஆடினால் தேய்மானம். கீல் தகடே பில்லரை, அதாவது கீல் மாட்டியிருக்கும் கேபின் தூணைவிட்டு அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பில்லர் தகடு வெடித்திருக்கிறது. எதுவுமே ஆடவில்லை, ஆனாலும் கதவு கோணலாக நிற்கிறது என்றால் கேபினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கேபினைத் தாங்கும் ரப்பர்கள் ஒரு மூலையில் நசுங்கி உளுத்திருந்தால் கதவுச் சட்டமே சாய்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் கதவில் செய்கிற வேலை எல்லாம் வீண்.

ஸ்ட்ரைக்கரை இறக்குவது

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். கதவு தொங்குகிறது, எனவே கதவுச் சட்டத்தில் பூட்டு வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரையும் கொஞ்சம் கீழே இறக்கிவிடு. ஐந்து நிமிட வேலை, கதவும் மூடும். ஆனால் கீல் தேய்வது நிற்காது. சில மாதங்களில் மறுபடி இறக்க வேண்டியிருக்கும், கடைசியில் இறக்க இடமிருக்காது. கதவைத் தாங்க வேண்டியது கீல். மூடிய கதவை இறுக்கிப் பிடிப்பதுதான் ஸ்ட்ரைக்கரின் வேலை. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஸ்ட்ரைக்கரை முதலில் கழற்றி வைத்துவிட்டு, கதவு தானாக எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதைத் திரும்ப மாட்டுவது கடைசி வேலை.

பின்–புஷ், அல்லது முழுக் கீல்

உண்மையான போட்டி இங்கேதான். பழைய வண்டிகளின் கீல் பெரும்பாலும் கனமான எஃகு. கீல் லேசில் கெடாது, கெடுவது அதன் நடுவில் இருக்கும் பின்னும், பின்னைச் சுற்றி உட்காரும் குழல்போன்ற வெண்கலப் புஷ்ஷும்தான். பல வருடம் எண்ணெய் காணாத பின் துருவேறி, புஷ்ஷை அரம்போல் ராவிவிடும். அரை மில்லிமீட்டர் ஆட்டம் கீலில் அற்பமாகத் தெரியும். பூட்டுப் பக்கம் போகும்போது அதுவே சில மடங்கு ஆகிவிடும்.

பின்–புஷ் மாற்றுவது மலிவு. கீலைப் பில்லரிலிருந்து கழற்றாமலே பல வண்டிகளில் முடித்துவிடலாம், அதனால் கதவின் பழைய நிலையும் குலையாது. ஆனால் புஷ் உட்காரும் துளை வட்டமாக இருக்க வேண்டும். புஷ் முழுதாகத் தேய்ந்த பிறகும் ஓட்டியிருந்தால் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும், புதுப் புஷ் அதில் இறுக்கமாக நிற்காது. அப்போது லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த புஷ் போடலாம். நான் அதைத்தான் செய்தேன், இன்றுவரை ஆட்டமில்லை. கையில் டிரில் மெஷினைப் பிடித்து அந்தத் துளையைப் பெரிதாக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். துளை சாய்ந்தால் கீல் இறுகிப்போகும்.

முழுக் கீல் மாற்றுவது சுலபமாகத் தோன்றும்: பழையதைக் கழற்று, புதியதை மாட்டு. ஆனால் இப்போது நகலாகச் செய்து விற்கும் கீல்களில் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. போல்ட் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே கதவை முதலிலிருந்து வரிப்படுத்த, அதாவது சட்டத்தோடு நேராகப் பொருத்தி நிறுத்த வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: பழைய கீல் வெடிக்காமல், வளையாமல் இருந்தால் அதைக் கைவிடாதீர்கள். வெடித்திருந்தால் வேறு வழியில்லை, மாற்றுங்கள்.

எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை. சில கீல்களில் கதவைத் திறந்தபடி நிறுத்தி வைக்க ஒரு ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். பின்னை உருவும்போது அது முகத்துக்கு நேராகத் தெறிக்கும். கதவின் எடையையும் ஜாக்கியில் மரக்கட்டை வைத்துத் தாங்கியாக வேண்டும்.

நகர்த்துவது, வளைப்பது

ஆட்டம் போன பிறகுதான் வரிப்படுத்தல். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 பிக்கப் போன்ற வண்டிகளில் கீல் போல்ட்டில் நிற்கிறது, துளைகள் பெரிதாக இருப்பதால் நகர்த்த இடமுண்டு. போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோடு இல்லாமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன்.

கணக்கு எளிது. இரண்டு கீலுக்கும் இடையே 40 சென்டிமீட்டர், கதவின் நீளம் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலை 1 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் பூட்டுப் பக்கம் 2.5 மில்லிமீட்டர் மேலே எழும். எனவே ஒரே சமயம் ஒரு கீலை மட்டும், அதுவும் மயிரிழை அளவு. இரண்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் கதவு எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது.

வளைப்பது பழைய டிங்கர்களின் வழி. கதவின் மேல் மூலை வெளியே துருத்தி, கீழ் மூலை உள்ளே போயிருந்தால், கீழ் மூலையில் ஒரு மரக்கட்டையைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்துவார்கள். பார்க்க முரட்டு வேலைதான். ஆனால் முறுக்கிப்போன கதவை எந்தப் போல்ட்டும் நேராக்காது, அங்கே இதுதான் சரியான வழி. தொங்கலைச் சரிசெய்யக் கீலையோ பில்லரையோ கடப்பாரையால் நெம்புவது வேறு கதை. துருப்பிடித்த பில்லர் அதில் கிழிந்துவிடும்.

அடிப்பகுதி துருப்பிடித்தால்

கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைநீர் கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். மண் அடைத்தால் நீர் தேங்கும், தகடு உள்ளிருந்து அரிக்கும். ஒட்டுப்போடுவதா, வெளித்தகடு முழுவதையும் மாற்றுவதா, வேறு கதவு தேடுவதா?

துரு அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள் நின்றால் ஒட்டுதான் நல்லது. கதவின் நெளிவும் விளிம்பும் தொழிற்சாலையில் வந்தபடியே மிஞ்சும். வெல்டிங் மட்டும் பொறுமையாக, விட்டுவிட்டுப் புள்ளி வைத்து, ஆறவிட்டு வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு அப்பளம்போல் நெளியும், பிறகு அதை மறைக்கப் பட்டி பூசிப் பூசியே மாளாது. வெளித்தகடு முழுதும் போயிருந்தால் புதுத் தகட்டை இரண்டு பாகப் பசை கொண்டு ஒட்டி விளிம்பை மடக்குவது நல்ல மாற்று, சூடே இல்லாததால் நெளிவும் இல்லை. எப்படியானாலும் விளிம்பை முழுதாக மடக்குவதற்கு முன் கதவை வண்டியில் மாட்டிப் பாருங்கள். மடக்கிய பிறகு கதவின் முறுக்கு அப்படியே உறைந்துவிடும்.

வேறு பழைய கதவு கிடைத்தால் வாங்கலாம், உள்சட்டம் அரித்திருந்தால் அதுதான் சிக்கனமும்கூட. ஆனால் அந்தக் கதவு வேறொரு கேபினோடு பல பத்தாண்டுகள் பழகியது. மாட்டியதும் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியும் இல்லாத வெறும் கதவில் இடைவெளி பார்த்து மகிழ வேண்டாம். அவற்றை மாட்டியதும் எடையில் பூட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்கும். அப்புறம் கதவைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பீடிங். பீடிங் இல்லாமல் வரிப்படுத்திவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். புது ரப்பர் விறைப்பாக இருப்பதால் கதவு முதலில் முரண்டு பிடிக்கும். உடனே ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள். வண்டியைக் கதவு மூடியபடி சில வாரம் விட்டால் ரப்பர் தானாகப் படிந்துவிடும்.