அயர்லாந்து வம்சாவளி தேடித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

"அயர்லாந்தில் உங்கள் முன்னோரைக் கண்டுபிடித்துத் தருகிறோம், ஒவ்வொரு கவுண்டியிலும் எங்களுக்கு உள்ளூர் ஆள் இருக்கிறார்" (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) என்று விளம்பரம் வருகிறதே, அதற்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் 650 யூரோ கட்டினோம். கைக்கு வந்தது பளபளவென்று ஒரு கோப்பும் வேறு யாருடைய வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும்தான்.

நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். என் மாமியாரின் குடும்பம் மேற்கு அயர்லாந்தின் மேயோ கவுண்டியிலிருந்து இங்கே வந்தது. அவருக்கு எழுபது வயது நிறைகிறதே, அவருடைய கொள்ளுத்தாத்தா பேட்ரிக் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நானும் கணவரும் நினைத்தோம். குடும்பப் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பயனில்லை, மேயோவில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் மேல்தான் விழ வேண்டும். கையில் இருந்த உருப்படியான ஆதாரம் பேட்ரிக்கின் 1903ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழ். விக்டோரியா மாநிலத்தின் பழைய இறப்புச் சான்றிதழ்கள் அருமையானவை: அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், காலனிக்கு வந்து எத்தனை வருடம் என்பது வரை இருக்கும், தகவல் சொன்னவருக்குத் தெரிந்திருந்தால். அதன்படி பேட்ரிக் பிறந்தது 1841 வாக்கில், அப்பா ஜான், அம்மா பிரிட்ஜெட். பிரிட்ஜெட்டின் பிறந்த வீட்டுப் பெயரும் தெளிவாகவே இருந்தது. அதை ஸ்கேன் செய்து, 400 யூரோவும் கட்டி அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் ஒரு மின்னஞ்சல். நல்ல தடயம் கிடைத்திருக்கிறதாம், டப்ளினுக்கு ஆள் அனுப்பி மேயோவின் 1851 சென்சஸைப் பார்த்தால் உறுதியாகிவிடுமாம், அதற்குத் தனியாக 250 யூரோ. சரி என்று அதையும் கட்டினோம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மேயோவின் 1851 சென்சஸ் என்று போய்ப் பார்க்க எதுவுமே இல்லை. 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ் ஏடுகள் அதோடு போயின. 1851இல் மிஞ்சியது பெரும்பாலும் ஆன்ட்ரிம் கவுண்டியின் சில பகுதிகள்தான். 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசாங்கமே அதற்கு முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போய்விட்டன. முழுசாக மிஞ்சியவற்றில் மிகப் பழையது 1901, அடுத்து 1911. இரண்டையும் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. (1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, எழுபது வயதாகிவிட்டது என்று காட்டுவதற்காகப் பலர் பழைய சென்சஸிலிருந்து தங்கள் வீட்டு விவரத்தைத் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் மிஞ்சியிருக்கின்றன, அவையும் இலவசம். இவர்கள் பில்லில் எழுதியது அது இல்லை, சென்சஸ் என்றே எழுதியிருந்தார்கள்.) எரிந்துபோன ஏட்டைப் பார்த்துவிட்டு வர எங்களிடம் 250 யூரோ!

அறிக்கை வந்தது, நாற்பது பக்கத்துக்கு மேல். பாதி, 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றிய பொதுக் கதை. அப்புறம் எங்கள் குடும்பப் பெயருக்கு உரியதாம் ஒரு கேடயச் சின்னம், வண்ணத்தில். அந்தச் சின்னங்களெல்லாம் தனி ஆளுக்கு வழங்கப்படுபவை, ஒரு குடும்பப் பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவானவை அல்ல. அப்புறம் கிரிஃபித் நில மதிப்பீட்டிலிருந்து (யாரிடம் எந்த நிலம் இருந்தது என்று வரிக்காக எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டியல்) ஒரு பக்கம், அதுவும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது. கடைசியில், 1842இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பேட்ரிக். அப்பா ஜான், அம்மா பிரிட்ஜெட், பிறந்த வீட்டுப் பெயர் நாங்கள் அனுப்பியதேதான். மாமியார் அழுதேவிட்டார்.

ஆனால் பதிவேட்டின் படம் இல்லை, தட்டச்சு செய்த நகல்தான். படம் கேட்டால் காப்புரிமை காரணமாகத் தர முடியாது என்றார்கள். அந்தப் பதில்தான் எனக்கு இடித்தது. அயர்லாந்தின் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிதான் பங்கு) பதிவேடுகளின் படங்களை 2015லேயே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டதே! பெயர் போட்டுத் தேட அங்கே வழி இல்லை, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். அறிக்கையில் டவுன்லேண்ட் (ஊரின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயர் இருந்ததால் எந்தப் பங்கு என்று கண்டுபிடித்து, அந்த மாதத்துக்குப் போனேன். ஓரம் கருத்த பக்கம், சாய்ந்து சாய்ந்து போகும் பாதிரியாரின் லத்தீன் கையெழுத்து. தேதி சரி, குழந்தை பாட்ரிசியுஸ் (லத்தீனில் பேட்ரிக்), அப்பா யோவான்னெஸ் (ஜான்), ஞானப் பெற்றோர் இரண்டு பேரும் அறிக்கையில் உள்ளபடியே. அம்மா பெயர் மட்டும் பிரிகிடா (பிரிட்ஜெட்) இல்லை, மரியா. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் வேறு. கையெழுத்து புரியாமல் வந்த பிழை என்று சொல்ல வழியே இல்லை. நாங்கள் அனுப்பிய பெயரை எடுத்து அந்த இடத்தில் பொருத்தி எங்களுக்கே திருப்பி விற்றிருக்கிறார்கள்.

புகார் செய்ததற்கு, வம்சாவளி ஆய்வு என்பது ஊகம் சார்ந்ததுதான் என்று பதில், கூடவே அடுத்த தலைமுறை ஆய்வுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அட்டை வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டோம். அறிக்கை கைக்கு வந்துவிட்டதால் சேவை முடிந்தது என்று வங்கி கைவிரித்துவிட்டது.

எல்லோரும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டி பாரம்பரிய மையங்கள் உண்மையிலேயே உள்ளூர்ப் பதிவேடுகளைப் படித்துப் பட்டியலிட்டவை. டப்ளின் தேசிய நூலகத்தில் இலவச ஆலோசனையே உண்டு. அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன், அவர் காசே வாங்காமல் சொன்னது இது: மேற்கு அயர்லாந்தில் பல பங்குகளின் பதிவேடுகள் 1840களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன, அதனால் பேட்ரிக் எதிலுமே இல்லாமல் போகலாம். அவரைத் தேடாதீர்கள், ஜான், பிரிட்ஜெட் என்ற ஜோடியைத் தேடுங்கள், தம்பி தங்கைகளின் ஞானஸ்நானத்தில் அகப்படலாம். 1864இல் எல்லோருக்கும் பிறப்புப் பதிவு தொடங்கியது, அதில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், கடைக்குட்டி யாராவது அதில் வரலாம். அதுவும் அரசாங்கத் தளத்தில் இலவசம்.

ஆகவே பணம் கேட்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: எந்தப் பங்கு, பதிவேடு எந்த வருடம் தொடங்குகிறது, மூலப் பக்கத்தின் படம் தருவீர்களா. மழுப்பினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, கொள்ளுத்தாத்தாவைக் காட்டி ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கித் தருகிறோம் என்று எங்களுக்கும் ஆசை காட்டினார்கள். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்ய வழி உண்டு. கொள்ளுத்தாத்தா என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ பதிவு செய்திருக்க வேண்டும். அதற்காக யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.