மெசலமைன்: மாத்திரையா, எனிமாவா?

மலத்தில் ரத்தம் வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். நானும் ஆறு மாதம் துத்திக்கீரை வதக்கித் தின்றுகொண்டிருந்தேன். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்த பிறகுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்தோலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய் என்று தெரிந்தது. மலக்குடலில் தொடங்கி இடப்பக்கப் பெருங்குடல் வரை புண். சீட்டில் அந்த அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மருந்து இரண்டு விதமாக எழுதியிருந்தது, மாத்திரையாகவும் எனிமாவாகவும் (ஆசனவாய் வழியாக ஏற்றும் திரவம்). மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துக்கடைக் கூட்டத்தில் நின்று எனிமா என்று கேட்க வாய் வரவில்லை.

மாத்திரையின் சௌகரியம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழுங்கினால் வேலை முடிந்தது. கடித்து உடைக்கக் கூடாது, அவ்வளவுதான். மேல்பூச்சு வயிற்று அமிலத்தைத் தாண்டிப் போய்த்தான் கரைய வேண்டும். சிறுநீரகத்துக்காக அவ்வப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்ப்பார்கள். விலை கட்டுப்படியாகாதவர்களுக்குப் பழைய மருந்தான சல்ஃபாசலசின் இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: மருந்து புண்ணைப் போய்த் தொடுகிறதா? மெசலமைன் ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்து அல்ல, குடலின் உள்தோலில் பட்டால்தான் பலன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே ஏறும், உள்தோலோடு நின்றுவிடும். வாய்வழியாகப் போனது பெருங்குடல் முழுக்கச் சுற்றிக் கடைசியில் மலக்குடலுக்கு வரும்போது மிச்சம் கொஞ்சம்தான். கீழேயிருந்து ஏற்றுவது நேராகப் புண்ணிலேயே படிகிறது. நோய் மலக்குடலுக்குள் மட்டும் என்றால் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மாத்திரை) போதும். எனிமாத் திரவம் இடது விலாவுக்கு அடியில் குடல் வளையும் இடம் வரை எட்டும்.

இன்னொரு குடல் அழற்சியான கிரோன்ஸ் நோய்க்கு இந்தக் கணக்கு செல்லாது. அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், விட்டு விட்டு வரும். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். நம் நாட்டில் அதைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவதே டாக்டர்களுக்குப் பெரிய பாடு. கொலைட்டிஸ், கிரோன்ஸ் இரண்டுக்கும் 'குடல் அழற்சி' என்றே பெயர் சொல்வதால் ஒருவர் சீட்டைப் பார்த்து இன்னொருவர் மருந்து வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இதில் ஒரு சுவாரசியம். இரண்டு பாகம் சேர்ந்த சல்ஃபாசலசினில் எந்தப் பாதி நோய்க்குக் கேட்கிறது என்று 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான் குழுவினர் கண்டுபிடித்ததே, பாகங்களைத் தனித்தனியாக எனிமாவில் கொடுத்துப் பார்த்துத்தான். சல்ஃபா பாதி வெறும் வண்டி. அது சுமந்து போகும் சரக்குதான் இன்றைய மெசலமைன்.

சரி, எனிமாவில் தொல்லை இல்லையா? நிறைய. 60 மி.லி. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நன்றாகக் குலுக்கி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஏற்ற வேண்டும். சில்லென்று ஏற்றினால் எனக்கு உடனே வயிறு முறுக்கும். முதல் வாரம் பத்து நிமிடம்கூட உள்ளே நிற்கவில்லை, ஓட்டம்தான். அழற்சி இருக்கும் மலக்குடல் எதையும் தாங்காது. புண் ஆற ஆறத்தான் நேரம் கூடும். மூன்றாவது வாரம் விடியும் வரை நின்றது. கறை வேறு. துணியில் பழுப்பாகப் பிடித்தால் எந்த சோப்புக்கும் அசையாது. பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

மாத்திரை மட்டும் போட்ட நான்கு மாதத்தில் ரத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனிமா சேர்ந்த ஐந்தாவது வாரம் நின்றது. அதற்காக எனிமாவுக்கே முழு மதிப்பெண்ணும் போட மாட்டேன். தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கேட்கும் என்பதுதான் ஆய்வுகள் சொல்வதும். குடல் முழுவதும் புண் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு வரை போனவர்களுக்கும் என் அனுபவம் உதவாது.

இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் மாத்திரை, வாரம் இரண்டு இரவு எனிமா. வெளியூர்ப் பயணம் வந்தால் அந்த இரண்டு இரவையும் முன்னே பின்னே தள்ளிக்கொள்கிறேன். ரயில் பெர்த்தில் 60 மி.லி. திரவத்தோடு இடது பக்கம் படுக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை.