வாடகைப் பாத்திரக் கடையில் பஞ்சாங்கம்: பல வருஷ அனுபவம்

தண்டையார்பேட்டையில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை எங்களுடையது. சுவரில் தினசரி காலண்டர், கல்லாவுக்குள் பாம்புப் பஞ்சாங்கம், சட்டைப்பையில் போன் ஆப். மூன்றையும் வருஷக்கணக்கில் பார்த்தவனாகச் சொல்கிறேன்: நல்ல நேரம் பார்க்க காலண்டர் தாளே போதும், தொழில் நடத்தத்தான் பஞ்சாங்கம் வேண்டும்.

புதுப் புத்தகம் வந்ததும் ராசிபலனைத் திருப்ப மாட்டேன், முகூர்த்த நாட்களைத்தான் பார்ப்பேன். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததோ, கரண்டிகூட மிஞ்சாது. ஞாயிறு எமகண்டம் பகல் 12 மணிக்கு, குளிகை 3 மணிக்கு, ராகுகாலம் 4.30க்கு. காலை முழுக்கச் சுத்தம், லீவும் கூட. அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அட்வான்ஸ் இல்லாமல் யாருக்கும் சொல் கொடுப்பதில்லை. தேய்பிறை முகூர்த்தத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்ற அண்டா கேட்டு வருவார்கள். மார்கழிதான் கிழிந்த சாமியானாவைத் தைக்கிற மாசம்.

ஆப் வந்த பிறகுதான் பஞ்சாயத்து. காலண்டர் சூரிய உதயத்தை 6 மணி என்று வைத்துக்கொண்டு பகலை ஒன்றரை மணி நேரமாக வெட்டுகிறது. ஆப் அந்தந்த ஊர் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பங்கு போடுகிறது. தை மாசத் தொடக்கத்தில் சென்னையில் உதயமே 6.35 வாக்கில். ஆக திங்கட்கிழமை ராகுகாலம் காலண்டரில் 7.30 முதல் 9 வரை, ஆப்பில் ஏறக்குறைய 8 முதல் 9.25 வரை. பந்தக்கால் நடப் போன இடத்தில் மாப்பிள்ளையின் தம்பி, "அண்ணே, எட்டு வரைக்கும் டைம் இருக்கு, போன்ல பாருங்க" என்றான். அவன் பாட்டி விடவில்லை: "ஏழரைக்குள்ள நட்டுட்டுப் போப்பா." பாட்டி பக்கம்தான் நான். ஏழரைக்கு முன் நட்டால் இரண்டு கணக்கிலும் தப்பில்லை.

திதியில் வித்தியாசம் இன்னும் பெரிசு. என் புத்தகம் வாக்கியம், அதாவது பழைய சூத்திரக் கணக்கு; ஆப் திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணக்கு. திதி முடிகிற நேரம் சில சமயம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இலேயே முடிந்தது. திருநள்ளாறு கோயில் பின்பற்றுகிற வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான். அன்னதானத்துக்கு இரண்டு தடவையும் பாத்திரம் போனால் எனக்கென்ன நஷ்டம்? ஆனால் அமாவாசைத் தர்ப்பணம், வீட்டுத் திவசம் என்றால் எங்கள் புரோகிதர் எதைப் பார்க்கிறாரோ அதையே பார்க்கிறோம்.

காலண்டரை நகைக்கடையோ மளிகைக்கடையோ இனாமாகவே கொடுத்துவிடும். காசு போட்டு வாங்குவதானால் புத்தகத்தை வாங்குங்கள், அதுவும் சித்திரை பிறக்கும் முன்பே. வைகாசி வளர்பிறைத் தேதிக்கு சித்திரைக் கடைசியில் வந்து நாற்காலி கேட்டால் என்னிடம் இருக்காது.