பலூன் உடைக்கும் அப்பத்தா: காரைக்குடி பிசியோதெரபி மையம் ஒன்றின் விமர்சனம்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பத்தாவுக்கு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. வீட்டில் பயிற்சி செய்யச் சொன்னால் "நாளைக்குப் பாப்போம்"தான். இந்த மையத்தில் டிவிக்கு முன்னால் நிற்க வைத்து, திரையில் மிதக்கும் பலூன்களைத் தட்டச் சொல்கிறார்கள். 2010-இல் எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் கருவியோடு வந்ததே கைனெக்ட் கேமரா, அதேதான், அகச்சிவப்புக் கதிரை வைத்து உடம்பின் அசைவைப் பிடிப்பதால் கையில் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டாம், விரலில் பலமில்லாதவர்களுக்கு அது பெரிய வசதி. பக்கத்து ஆச்சியை விடப் புள்ளி குறைந்தால் அப்பத்தாவுக்குப் பொறுக்காது. "இன்னொரு ஆட்டம் போடுப்பா" என்று அவரே கேட்கிறார்!

ஆனால் புள்ளிக்காக இடுப்பை வளைத்து ஏமாற்றுவதும் நடக்கும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் பலன். மாலைக் கூட்டத்தில் அவர் நிற்பதில்லை, காலையில் போங்கள். அப்புறம், கண்டாங்கிச் சேலையின் முந்தானை தொங்கினால் கேமரா தடுமாறுகிறது, இழுத்துச் செருகிவிடுங்கள். வாசலில் படிகள்தான், சாய்தளம் இல்லை; நடக்க முடியாதவர்கள் வரும் இடத்தில் இதைக்கூடவா யோசிக்க மாட்டார்கள்? கைனெக்ட் தயாரிப்பை மைக்ரோசாப்ட் 2017-லேயே நிறுத்திவிட்டதே, பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், சிரித்தார்கள். கட்டணம் சாதாரண பிசியோதெரபிக்கு வாங்குவதுதான், விளையாட்டுக்குத் தனியாக எதுவும் இல்லை.