கலிபோர்னியாவில் டியுஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) கேஸில் மாட்டியவர்கள் கவனத்துக்கு: அந்தப் பத்து நாள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என் தப்பு. யாருக்கும் அடிபடவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் அதற்கு அடுத்த பத்து நாளில் நான் ஏமாந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூச்சுச் சோதனையில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.10 சதவீதம் என்று வந்தது, சட்டப்படி எல்லை 0.08. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு பிங்க் தாளைக் கொடுத்தார்கள், அதை நாலாக மடித்து பர்ஸில் வைத்ததோடு சரி. 30 நாளைக்கு அதுதான் தற்காலிக லைசென்ஸ். லைசென்ஸைப் பறிக்கக்கூடாது என்று வாதாட, லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டிஎம்வி-யில் ஹியரிங் (விசாரணை) கேட்க 10 நாள்தான் அவகாசம் என்பதும் அதிலேயே இருந்தது, நான் படிக்கவில்லை.

அந்த வாரமே தபால் பெட்டி நிறைய வக்கீல் ஆபீஸ் கடிதங்கள். "உங்கள் லைசென்ஸைக் காப்பாற்றுகிறோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றுக்கு போன் செய்தேன். டிஎம்வி விஷயம் என்ன ஆகும் என்று நானே கேட்டேன். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நிம்மதியா இருங்க" என்றார் அந்த ஆள். அன்றே 2,500 டாலர் கட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் ஹியரிங் தேதி கேட்டால், "ஒப்பந்தம் கோர்ட் கேஸுக்கு மட்டும்தான், டிஎம்வி-க்குத் தனி ஃபீஸ்" என்கிறார்கள். தேடிப் பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. என்னிடம் பேசியவர் வக்கீலே இல்லை, ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கோர்ட் வேறு, டிஎம்வி வேறு. ஹியரிங் கேட்காவிட்டால் கோர்ட் தீர்ப்புக்குக் காத்திராமல் 30 நாள் முடிந்ததும் லைசென்ஸ் தானாக சஸ்பெண்ட் ஆகிவிடும், முதல் தடவைக்கு 4 மாதம். நேரத்துக்குக் கேட்டிருந்தால் ஹியரிங் முடிவு வரும்வரை அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். கேட்பதற்கு வக்கீல்கூட வேண்டாம், டிஎம்வி-யின் டிரைவர் சேஃப்டி ஆபீஸுக்கு நாமே ஒரு போன் போட்டால் போதும், இதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது. ஹியரிங்கில் சொல்ல எனக்கும் ஒரு விஷயம் இருந்தது. மூச்சுச் சோதனைக்கு ஊதச் சொல்வதற்கு முன் 15 நிமிடம் நம்மை விடாமல் கவனித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. என்னைப் பிடித்த போலீஸ்காரர் அந்த நேரம் முழுக்கக் காருக்குள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல எனக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அப்புறம் மூன்று வாரம் பஸ். டியுஐ வகுப்பில் சேர்ந்து, இன்சூரன்ஸிடம் எஸ்ஆர்-22 (இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்கான சான்று) வாங்கி, டிஎம்வி-க்கு 125 டாலர் கட்டி, ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியைக் காரில் மாட்டினால் உடனே ஓட்டலாம் என்பதை டிஎம்வி கவுண்ட்டரில் இருந்த அம்மாதான் சொன்னார். 2,500 டாலர் வாங்கியவர்கள் சொல்லவில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தீர்ப்பு வராமல், வெறும் கைதுக்கே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. வக்கீல்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் ஸ்டேட் பாரில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வக்கீல் வைப்பதானால் அவர் பெயரை ஸ்டேட் பார் தளத்தில் தேடிப் பார்த்து, டிஎம்வி ஹியரிங்கும் சேர்த்திதான் என்று எழுத்தில் வாங்குங்கள். பிங்க் தாள் இப்போது கையில் இருந்தால் அதிலுள்ள தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள், பத்து தாண்டவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்யுங்கள்.