கேபிள் செருகுவதற்கு முன் 20 நிமிடம்: ஒரு வழக்கத்தின் 7 ஆண்டு அனுபவம்

எங்கள் சபையின் ஆராதனைக் குழுவும் தொழில்நுட்பக் குழுவும் ஒன்றாக அமர்ந்து, ஆராதனைக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் தொடங்குவதற்கு முன் 20 நிமிடம் வேதம் வாசித்து ஜெபிக்கும் வழக்கத்துக்கு இப்போது 7 வயது ஆகிறது. நான் எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து அளவு கூட்டிக் குறைக்கும் மிக்சர் என்ற பலகையின் முன் அமர்பவன். எனக்குப் பாடவும் வராது, இசைக்கருவி எதையும் வாசிக்கவும் வராது. எனவே இந்த அனுபவப் பகிர்வு மேடையிலிருந்து எழுதப்படுவதன்று, மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுதப்படுவது. இத்தகைய வழக்கங்களைப் பற்றி முதல் மூன்று மாத உற்சாகத்தில் பலரும் எழுதுகிறார்கள். அந்த உற்சாகம் தேய்ந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

தொடங்கியதன் காரணம் பெருமைக்குரியதன்று. தொழில்நுட்பக் குழுவில் இருப்பவரைச் சபை நினைவுகூர்வது பிழை நேரும்போது மட்டுமே. போதகர் ஜெபிக்கத் தொடங்கும்போது மைக் மியூட்டில் கிடந்தால் முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பும். ஒன்றரை மணி நேரமும் எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரும் திரும்ப மாட்டார்கள். இதை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். ஏற்க முடியாமல் போனது வேறொன்று. ஆண்டுக்கணக்கில் அந்த இருக்கையில் அமர்ந்ததில், ஒரு பாட்டு தொடங்கினால் அதன் சொற்களுக்கு முன்பாக 250 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது தாழ்ந்த ஒலிப் பகுதியில், தடித்து ஒலிக்கும் குரலும், கொஞ்சம் கூடுதலாகக் கூர்மை கொண்ட சிம்பல் என்ற டிரம்ஸ் தட்டும் என் காதுக்கு வந்தன. வாரந்தோறும் ஆராதனைக்குப் போய்க்கொண்டே ஆராதிக்காமல் இருந்தேன். மேடையில் இருந்தவர்களின் நிலையும் அப்படித்தான் இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அவர்கள் அடுத்த வரியையும் அடுத்த சுருதியையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நாங்கள் செய்தது இந்த 20 நிமிடமன்று. குழுவின் கைப்பேசிக் குழுமத்தில் தினமும் ஒரு வசனமும் அதன்கீழ் நாலு வரியும் அனுப்பிப் பார்த்தோம். ஆறு வாரத்தில் அது கூப்பிய கைகளின் படங்களாகவும் ‘ஆமென்’களாகவும் வற்றிப்போனது. அடுத்து ஒத்திகையின் முடிவில் ஜெபத்தை வைத்தோம். ஒத்திகை என்றைக்கும் குறித்த நேரத்தில் முடிந்ததில்லை ஆதலால், முதல் வரிசையில் ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு, அரை நிமிடத்தில், பாதிப் பேர் நின்றுகொண்டே சொல்லும் ஜெபமாக அது ஆகிவிட்டது. அத்துடன், சவுண்ட் செக் முடிந்த நேரத்தில் எங்கள் நடுவே ஒரு மனத்தாங்கலாவது கட்டாயம் இருக்கும்; அந்த மனத்தோடு ஜெபிக்க யாருக்கும் வாய் வருவதில்லை.

எந்தக் கருவியையும் இயக்குவதற்கு முன் என்று நேரத்தை மாற்றிய பிறகே வழக்கம் நிலைத்தது. நேரமாற்றத்தை நாங்கள் வசதிக்காகத்தான் செய்தோம் என்றாலும், அதில் நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்று இருந்தது. மைக் எதுவும் வேலை செய்யாத மண்டபத்தில் பாடகரும், ஸ்லைடு போடுபவரும், கேமரா பிடிப்பவரும் தங்கள் சொந்தக் குரலிலேயே பேச வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எல்லாருடைய குரலுக்கும் ஒரே அளவு. மேடைக்காரர், பின்வரிசைக்காரர் என்ற பிரிவு அந்த 20 நிமிடத்தில் தானாகவே மறைந்து போகிறது.

வாசித்தவற்றில் எங்களுக்கு நீண்டகாலம் உதவியவை, விந்தையாக, பலரும் தாண்டிப் போகும் பெயர்ப் பட்டியல்களே. முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் கீதவித்தையில் தேறியவர்கள் 288 பேர் என்றும், அவர்கள் 12 பேர் கொண்ட 24 பிரிவுகளாக, பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்ற வேறுபாடு பாராமல் சீட்டுப்போட்டு முறை குறித்துக்கொண்டார்கள் என்றும் இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தில் கெனானியா என்பவன் மற்றவர்களுக்குச் சங்கீதம் பயிற்றுவிக்கும் பொறுப்பைப் பெற்றதற்குச் சொல்லப்படும் காரணம் அவன் நிபுணன் என்பதுதான். பக்தி இருந்தால் திறமை தேவையில்லை என்று வாதிட்ட எங்கள் நண்பர் ஒருவர் அந்த வசனத்துக்குப் பின் சற்று அடங்கினார். யாத்திராகமம் 31இல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படும் பெசலெயேல் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் கைவினைஞன் என்பதை, கேபிள் சுற்றுவதே தன் ஊழியம் என்று இருந்த ஓர் இளைஞர் மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கேட்டு வாசிக்க வைத்தார்.

என்னைத் தொட்டது முதலாம் சாமுவேல் 30ஆம் அதிகாரம். தாவீதோடு போன 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றங்கரையில் நின்றுவிடுகிறார்கள். போருக்குப் போனவனுடைய பங்கு எவ்வளவோ அவ்வளவே ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் என்று தாவீது தீர்ப்புச் சொல்கிறான். மூட்டை முடிச்சுகளைக் குறிக்கும் ‘ரஸ்துக்கள்’ என்ற அந்தப் பழைய சொல் எங்கள் குழுவில் செல்லப்பெயராகவே ஒட்டிக்கொண்டது; இன்றும் கேபிள் பெட்டியின் மேல் அந்த எழுத்துகள்தான் இருக்கின்றன. இந்தப் பட்டியல்களை மதித்தவர்கள் நாங்கள் முதலல்லர் என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆலய இசைக்குப் பொறுப்பேற்றிருந்த யோஹான் செபாஸ்டியன் பாக், தம் சொந்த வேதாகமத்தில் இதே 25ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், தேவனுக்குப் பிரியமான ஆலய இசைக்கெல்லாம் இதுவே அடித்தளம் என்ற பொருளில் தம் கையால் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

வாசிப்பு நடத்தையை மாற்றியதா என்று கேட்டால், மேடையில் இருப்பவர்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்பதற்காக அவர்களை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டர் விஷயத்தைத்தான் சான்றாகக் காட்டுவேன். மேடையில் ஒவ்வொருவரும் தம் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள். கிட்டார் கூடினால் பாடகருக்குத் தம் குரல் கேட்காது, அவர் கூட்டச் சொல்வார், உடனே கீபோர்டுக்காரர் கையை உயர்த்துவார். மானிட்டரிலிருந்து வரும் ஒலி மைக்கில் மீண்டும் புகுந்து, பெருகி, மறுபடியும் மானிட்டருக்கே போய்ச் சுழலும்போதுதான் அந்தக் காதைக் கிழிக்கும் விசில் பிறக்கிறது; பழி மிக்சரில் இருப்பவனுக்கு. செவிப்புலனுக்கும் இதில் கேடு உண்டு. தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனமான நையாஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறது. அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு 1 மணி நேரம்தான். இவற்றையெல்லாம் நான் முன்பும் விளக்கியிருந்தேன், யாரும் கேட்கவில்லை. எக்காளம் ஊதினவர்களும் பாடினவர்களும் ஒரே சத்தமாய் ஒலித்ததைச் சொல்லும் இரண்டாம் நாளாகமம் 5ஆம் அதிகாரத்தை வாசித்த ஒரு காலையில், முதன்மைப் பாடகியே, “அண்ணா, என்னுடையதைக் கூட்ட வேண்டாம், மற்றவர்களுடையதைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், அது போதுமா என்று சொல்கிறேன்” என்றார். அன்றிலிருந்து முதலில் குறைப்பது, பிறகே கூட்டுவது என்பது எங்கள் நடைமுறை. இரண்டாம் ஆண்டின் முடிவில் மேடையின் ஒலி கேட்கத்தக்க அளவில் தணிந்திருந்தது.

ஊக்கமூட்டுதலில் நாங்கள் நெடுநாள் தவறு செய்தோம். “எல்லாம் நன்றாக இருந்தது, கர்த்தர் ஆசீர்வதிப்பார்” என்று சொல்வது யாரையும் தாங்குவதில்லை. அதைச் சொல்பவர் கவனிக்கவில்லை என்பதையே அது காட்டிக்கொடுக்கிறது. மாறாக, “மூன்றாம் பாட்டில் அந்த அம்மாள் அழத் தொடங்கியபோது நீங்கள் ஸ்லைடை மாற்றாமல் அந்த வரியிலேயே நிறுத்தினீர்களே, அது அவருக்குத் தேவைப்பட்டது” என்று ஒருவர் சொன்னதை, ஸ்லைடு போடும் கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டு கழித்தும் நினைவு வைத்திருந்தார். ஆகவே 20 நிமிடத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், சென்ற வாரம் மற்றவர் செய்த ஒரு செயலைக் குறிப்பிட்டு ஒருவராவது நன்றி சொல்ல வேண்டும் என்று வைத்தோம். தொடக்கத்தில் செயற்கையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறரைக் கவனிக்கும் பழக்கம் வந்த பிறகே அந்தச் செயற்கைத்தன்மை கரைந்தது.

இதன் மறுபக்கமாக ஒரு கசப்பும் உண்டு. நான்காம் ஆண்டில் இந்தத் தியான நேரத்தைத் திருத்தம் சொல்லும் நேரமாக மாற்றிவிட்டோம். வசனத்தை வாசித்துவிட்டு, “சென்ற வாரம் தாமதமாக வந்தவர்களுக்கு இது பொருந்தும்” என்று ஒருவர் முடிப்பார். அந்த ஒருவர் பல வாரம் நானாகவே இருந்தேன். டிரம்ஸ் வாசித்த சகோதரர் வருவதைக் குறைத்துக்கொண்டார், பிறகு நின்றேவிட்டார். ஏறக்குறைய ஓராண்டு இந்த 20 நிமிடத்தைக் கண்டால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. திருத்தங்களை வாரத்தின் நடுவில், தனியாக, உரியவரிடம் மட்டும் சொல்வது என்று பிரித்த பிறகே நிலைமை தேறியது. அந்தச் சகோதரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், ஆனால் மீண்டும் வாசிக்க வரவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரும்பயன் தந்தது, தியானத்திலிருந்து கிளைத்த வேறொரு ஏற்பாடு: நான்கு வாரத்துக்கு ஒரு முறை எவரும் தம் பொறுப்பை விட்டு, குடும்பத்தோடு சபையின் நடுவில் உட்கார வேண்டும். 24 பிரிவுகளின் சீட்டைப் பற்றி வாசித்ததிலிருந்து எழுந்த யோசனை இது. முதல் முறை உட்கார்ந்தபோது என் விரல்கள் முழங்காலின் மேல், மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தேடிக்கொண்டிருந்தன. ஒலி மோசமாக இருப்பதாகத் தோன்றி இருமுறை எழுந்தேன், மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஐந்தாவது அல்லது ஆறாவது முறைதான் ஒரு பாட்டின் சொற்கள் முழுவதும் எனக்குக் கேட்டன. ஆசாப்பே பாட்டுக்காரர்களின் தலைவர்களில் ஒருவன். 73ஆம் சங்கீதத்தில் அவன் தன் கால்கள் தள்ளாடினதைச் சொல்லிவிட்டு, தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்த பிறகே தெளிந்ததாகச் சொல்கிறான். அந்த இடத்திலேயே பணிபுரிகிறவனும் அதற்குள் தனியே பிரவேசிக்க வேண்டியிருக்கிறது போலும்.

குறைகளும் உண்டு. 20 நிமிடத்துக்காக எல்லாரும் முன்னதாக எழுந்து வர வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு அது பெரும் சுமை, அவர்களுக்கு விலக்கு அளித்தோம். பேச்சுவன்மை உள்ள ஒருவரோ இருவரோ நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அபாயம் எப்போதும் இருக்கிறது. வாசிப்பை முறைவைத்து மாற்றுவதே எங்களுக்குத் தெரிந்த மருந்து. நான்கைந்து பேரே எல்லா வேலையையும் செய்யும் சிறிய சபையில் ஓய்வு வாரம் நடைமுறைக்கு வராது. அங்கே 20 நிமிடத்தை மட்டும் முயன்று பார்க்கலாம். இந்த வழக்கம் திறமைக்கு மாற்றும் ஆகாது. ஜெபித்துவிட்டு வயர்லெஸ் மைக்கின் பேட்டரியை மாற்ற மறந்தால், அது பாதிப் பிரசங்கத்தில் நின்றுதான் போகும், நின்றும் இருக்கிறது.

இன்னும் தீராத ஒன்று நேரலை. அதைக் கையாளத் தெரிந்தவர் ஒருவரே இருப்பதால், 7 ஆண்டில் அவர் சபையின் நடுவில் உட்கார்ந்தது எண்ணி நான்கு முறைதான். 20 நிமிடத்துக்கும் அவர் பெரும்பாலும் மடிக்கணினியோடுதான் வருகிறார். இந்தக் காலாண்டில் அவருக்கு மாற்றாக இருவரைப் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் எங்கள் கீபோர்டுக்காரர்; தாம் வாசிக்காத வாரங்களில் நேரலையைப் பார்த்துக்கொள்வதாக அவரே வந்து கேட்டார்.